வருவோரும் வாழ்வோரும் : பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து சில சிந்தனைகள்

சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை நோக்கிச் செல்லும் புறநகர் மின்தொடர்வண்டியில் கும்மிடிப்பூண்டி, எளாவூர் ஆகிய நிலையங்களைக் கடந்தால் வருவது ஆரம்பாக்கம். அதற்கு அடுத்த நிலையமாகிய தடா ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் வடகிழக்கு வாயில் என்று இவ்வூரைச் சொன்னால் மிகையாகாது. ஆயினும் வாயிலைக் கடந்து போவார் உண்டேயன்றி, வாயிலில் நிற்பார் குறைவு. நெடுஞ்சாலையில் விரையும் சரக்கு வண்டிகளுக்கு இது தேநீர் அருந்தும் ஓரிடம், அவ்வளவே. சாலைக்குக் கிழக்கே சிறிது தொலைவு சென்றால் பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரை. அக்கரையில் நொச்சிக்குப்பம் முதலாய மீனவச் சிற்றூர்கள்.

சென்ற குளிர்காலத்தில் எம் தமிழ்த்துறை மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு யாம் அங்குச் சென்றிருந்தோம். வகுப்பறையில் ஆண்டுதோறும் நெய்தல் திணையை நடத்துகிறோம். கழி, கானல், உப்பங்கழியில் இரை தேரும் நாரை என்றெல்லாம் கரும்பலகையில் எழுதுகிறோம். எழுதுகின்ற எமக்கும் கேட்கின்ற மாணவர்க்கும் அவற்றைக் கண்ணால் காணும் வாய்ப்பு அரிதாகவே இருந்தது. அக்குறையைப் போக்குவதே பயணத்தின் நோக்கம். கரையில் வலையின் கண்களைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், மாணவரின் தொப்பியைக் கண்டோ எம் தாடியைக் கண்டோ, "வாங்க பாய்" என்று வரவேற்றார். அடுத்த வினா அவரிடமிருந்து வந்தது: "பறவ பாக்க வந்தீங்களா, எங்களப் பாக்க வந்தீங்களா?"

மாணவர் சிரித்தனர். "ரெண்டையுந்தான் பெரியவரே" என்று யாம் சமாளித்தோம். அவர் தலையை நிமிர்த்தாமலே, "பறவ பங்குனியில போயிரும் பாய். நாங்க எங்கயும் போவ மாட்டோம். அப்பவும் வாங்க" என்றார். சொல்லில் சினமில்லை, அழைப்பே இருந்தது. ஆயினும் அவ்வினா எம்மைத் தொடர்ந்து ஊர் வந்து சேர்ந்தது. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

சிற்றூர்களுக்குச் சுற்றுலாவைக் கொண்டு செல்லவேண்டும் என்பது இன்று எல்லாரும் ஒப்பும் கொள்கையாகிவிட்டது. வேலைவாய்ப்புப் பெருகும், கைவினை பிழைக்கும், மரபு காக்கப்படும் என்று மேடைகளில் முழங்குகின்றனர். அச்சிற்றூரில் வாழ்வோர் அதனை எங்ஙனம் நோக்குகின்றனர் என்ற வினா மட்டும் பெரும்பாலும் இறுதியாகக் கேட்கப்படுகின்றது; சில வேளை கேட்கப்படுவதேயில்லை.

பழவேற்காட்டு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாகும். ஆரணியாறும் காளங்கியாறும் சுவர்ணமுகியாறும் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே வங்கக் கடல் உவர்நீரை அனுப்புகின்றது. இவ்விரண்டும் கலக்கும் அளவைப் பொறுத்தே இறாலும் மடவையும் நண்டும் பெருகுகின்றன. முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் மீனவர் அடுப்பில் பூனை உறங்கும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்கோடி தமிழ்நாட்டில் உள்ளது. நீரில் எல்லைக்கோடு வரைய இயலாமையால் இருமாநில மீனவரிடையே அவ்வப்போது பூசல் மூள்வதும், படகும் வலையும் சிறைபிடிக்கப்படுவதும், பின்னர்ப் பேசித் தீர்ப்பதும் வழக்கமாகிவிட்டன. எல்லையோரக் குப்பங்களுக்கு இது நாட்கவலை. குளிர்காலத்தில் வரும் பூநாரைகளுக்கு இக்கவலை இல்லை. தடாவில் இரைதேடி அண்ணாமலைச்சேரியில் இளைப்பாறுகின்றன.

அப்பூநாரைகளின் பெயரால் ஆந்திர அரசு சூலூர்ப்பேட்டையில் 2001 முதல் விழா எடுத்து வருகின்றது. இடையில் சில ஆண்டுகள் நின்று, 2025 சனவரியில் மீண்டும் மூன்று நாள் நடைபெற்றது. தெற்கே பழவேற்காடு ஊருக்கு ஒல்லாந்தர் கல்லறையைக் காண மக்கள் வருகின்றனர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஆரம்பாக்கத்துக் குப்பங்களுக்கு விழாவும் இல்லை, கல்லறையும் இல்லை. ஏரி மட்டும் ஒன்றே. ஆகவே இங்குள்ளோரிடம் சுற்றுலாவைப்பற்றிக் கேட்டால் முதலில் வெளிப்படுவது ஒருவகை மனக்குறை: "அங்கல்லாம் வராங்க, இங்க யாரும் வரதில்ல." சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தால் அதே வாய் அடுத்த வாக்கியத்தைச் சொல்லுகின்றது: "வந்தாலும் பயந்தான்." இவ்விரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பதை உணர எமக்குச் சிலநாள் ஆயிற்று.

இந்த அச்சம் அறியாமையில் பிறந்தது என்று நகரத்தார் கருதக்கூடும். அஃது உண்மையன்று. இவ்வேரிக்கரைக்கு வெளியார் வருகை புதிதன்று. வந்தோர் ஒவ்வொருவரும் எதையோ கொண்டுவருவதாகச் சொல்லி வந்தனர். அவ்வரலாற்றைச் சற்று விரிவாகவே நோக்குதல் வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் துணி வாங்க வந்தனர். 1613இல் கெல்ட்ரியா என்னும் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்துக்கு 1690 வரை பழவேற்காடே தலைமையிடம். துணியோடு வெடிமருந்தும் இங்கிருந்து கப்பலேறிற்று. அவற்றோடு மனிதரும் ஏறினர். பஞ்சத்தாலும் போராலும் நலிந்த இக்கரை மக்கள் அடிமைகளாக விலைபேசப்பட்டு பட்டாவியாவுக்கு அனுப்பப்பட்டது வரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ள உண்மை. இன்று தொல்லியல் துறையின் காப்பிலுள்ள கல்லறைத் தோட்டத்தில், வாயிலில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்களைக் கண்டு வியந்து நிழற்படம் எடுத்துக்கொள்வோர்க்கு, அக்கல்லறையில் இடம் பெறாமல் கடல் கடந்து மாண்டோரைப்பற்றி எவர் சொல்வார்? அரசு அச்சிடும் வண்ணக் கையேட்டில் அதற்கு இடமிராது. உள்ளூர் இளைஞன் வழிகாட்டியானால் ஒருவேளை சொல்வான். வழிகாட்டி யார் என்பது வருவாய்ப் பங்கீட்டுச் சிக்கல் மட்டுமன்று. வரலாற்றை யார் சொல்வது என்ற சிக்கலுமாகும். தமிழ் படித்த மாணவர்க்கு இதில் வேலையுண்டு என்பதையும் இடையே குறித்து வைக்கிறோம்.

அடுத்து வந்தது விண்வெளி. ஏரியையும் கடலையும் பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு 1969இல் ஏவுதளத்துக்கென்று தெரிவு செய்யப்பட்டது. தீவில் வாழ்ந்தோர் ஊர்களை விட்டு வெளியேறினர். 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி எழுந்தது. 2023 சூலை 14இல் சந்திரயான்-3 எழுந்தபோது நாமெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தோம். இக்கரை மக்களும் நிமிர்ந்தனர். அப்பெருமையில் அவர்க்குக் குறைவில்லை. ஆனால் ஏவுநாளில் கடலுக்குச் செல்லத் தடை என்னும் அறிவிப்பு அவர்க்கே வரும், நமக்கு வராது. 2019 முதல் பொதுமக்கள் ஐயாயிரம் பேர் அமர்ந்து காணும் பார்வையரங்கு ஒன்றும் அங்குண்டு. வருவோர்க்கு இருக்கை இடப்படுகின்றது. வாழ்வோர்க்கு அன்றைய கூலி போகின்றது. இதற்காக ஏவுதளம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை, யாமும் சொல்லோம். கணக்கில் இவ்வரவும் செலவும் எழுதப்படவேண்டும் என்பதே எம் கருத்து.

பின்னர்ப் பறவைகள் காப்பிடம். ஆந்திரப் பகுதி 1976இலும், தமிழ்நாட்டுப் பகுதி 1980இலும் காப்பிடங்களாக அறிவிக்கப்பட்டன. பறவையைக் காப்பதில் மீனவர்க்கு மாறுபாடு இல்லை. நாரை இறங்குமிடத்தில் மீனுண்டு என்பதை அவர் நம்மினும் நன்கறிவர். எனினும் காப்பிட எல்லைக்குள் அகப்பட்ட சிற்றூர்களின் நில உரிமை முறையாக வரையறுக்கப்படாமலே பல பத்தாண்டுகள் சென்றன. தாத்தா உழுத நிலத்தில், தந்தை கட்டிய வீட்டில் வாழ்கின்றவனிடம், இது பறவையின் இடம் என்றால் அவன் பறவையை எக்கண்கொண்டு நோக்குவான்?

1990களில் இறால் பண்ணைகள் வந்தன. வெண்தங்கம் என்றனர். உப்புநீரைத் தேக்கி வளர்த்தமையால் சுற்றியுள்ள வயலும் கிணறும் கெட்டதாக இந்தியக் கடற்கரையெங்கும் முறையீடு எழுந்தது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11இல் வழங்கிய தீர்ப்பு, சிலிகா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளையும் பெயர் சுட்டி, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் பண்ணைகள் கூடா என்றது. தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையம் எழுந்தது. 2001இல் துறைமுகம் வந்தது. காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம் வந்தது. 2018இல் அதனை அதானி குழுமம் வாங்கியபின், 330 ஏக்கர்ப் பரப்பை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதுபற்றிய மக்கள் கருத்துக்கேட்பு 2021 சனவரிக்கும் பின்னர் 2023 செப்டம்பருக்கும் நாள் குறிக்கப்பட்டு, இருமுறையும் தள்ளிவைக்கப்பட்டது. பழவேற்காட்டு மீனவர் இத்திட்டத்தை ஊர் ஊராகத் திரண்டு எதிர்த்தனர்.

இத்துணையும் கண்ட மக்களிடம் சென்று, "சுற்றுலா வருகிறது, வளம் வரும்" என்றால் அவர் உடனே கைதட்டமாட்டார். அச்சம் அவர்க்கு அனுபவம் தந்த பாடம். ஆயினும் வாயிலை அடைத்துக்கொள்ளவும் அவர் விரும்பவில்லை. துறைமுகத்தைவிடச் சுற்றுலா மேல் என்று இளைஞர் ஒருவர் எம்மிடம் சொன்னார். "அது வந்தா ஏரி போயிரும் சார். இது வந்தா ஏரி இருந்தாத்தான் அவங்களுக்கும் பொழப்பு" என்பது அவர் வாதம். பட்டமேற்படிப்பு ஆய்வேடுகள் சிலவற்றில் யாம் காணாத தெளிவு அதில் இருந்தது.

சங்கப் புலவர் இவ்வுறவை அறியாதவரல்லர். நெய்தல் அகப்பாடல்கள் பலவற்றில் தலைவன் வெளியூரான், தேரேறி வருபவன். அவன் தேர்ச்சக்கரம் கரையிலுள்ள நண்டை நசுக்குமோ என்று கவலுறும் பாடல்கள் உண்டு. குறிப்பாக நற்றிணை 45ஆம் பாடலை மாணவர் மீண்டும் ஒருமுறை படிக்கவேண்டும். பெருநகரத்துச் செல்வன் மகன் பரதவர் சிறுகுடிப் பெண்ணை நாடி வருகிறான். தோழி அவனைத் தடுத்து நிறுத்தி, எம்மவர் ஆழ்கடலில் சுறாவேட்டை ஆடுவோர், நீயோ கொடி பறக்கும் மூதூரான், எம் மேனியில் மீன்நாற்றம் வீசும், விலகி நில், கடல் தரும் எம் சிறிய நல்வாழ்வு உன் செல்வத்தோடு ஒப்பிடத்தக்கதன்று, ஆனால் எம்முள்ளும் தலைமையுடையோர் உளர் என்று சொல்லுகின்றாள். இதனைச் சேட்படுத்தல் என்று துறை வகுத்து மதிப்பெண் கணக்கிடுகிறோம். அங்கே தோழி வெறுப்பைக் காட்டவில்லை. வருபவன் என்ன எண்ணத்தோடு வருகின்றான், நிலைப்பானா, மதிப்பானா என்று அளந்து பார்க்கிறாள். வலை செப்பனிட்ட முதியவரின் வினாவும் அத்தகையதே. அதற்குத் துறைப்பெயர் எழுதத் தெரிந்த எமக்கு விடை சொல்லத் தெரியாமற் போயிற்று.

மேனாட்டாரும் இதனை ஆய்ந்துள்ளனர். ஜார்ஜ் டாக்சி என்பார் 1975இல், மேற்கிந்தியத் தீவாகிய பார்படோசையும் கனடாவின் நயாகரா ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றையும் கண்டு, ஊர்மக்களின் மனநிலை நான்கு படிகளில் மாறும் என்றார். முதலில் மகிழ்ச்சி, பின் பழகிப்போன அலட்சியம், அடுத்து எரிச்சல், இறுதியில் பகைமை. 2024 சூலையில் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில் ஊரார் பயணியர்மீது பொம்மைத் துப்பாக்கியால் நீர் பீய்ச்சிய செய்தியை மாணவர் படித்திருப்பர். அது நான்காம் படி. இத்தாலியின் வெனிசு நகரம் அதே ஆண்டில் ஒருநாள் பயணியர்க்கு நுழைவுக் கட்டணம் விதிக்கத் தொடங்கிற்று. ஆனால் டாக்சியின் ஏணி நம் ஏரிக்கரைக்கு அப்படியே பொருந்தவில்லை. இங்கு முதற்படியிலேயே நான்கும் ஒன்றாக நிற்கின்றன. தேநீர்க்கடை வைத்தவர் மகிழ்கிறார். வலைக்குச் செல்பவர் பொருட்படுத்தவில்லை. குடம் சுமந்துவரும் பெண் எரிச்சலுறுகிறாள். பகைமைக்கு ஒரு குறிப்பிட்ட நாள் உண்டு. அதனை அடுத்துச் சொல்கிறோம்.

2011 டிசம்பர் 25. கிறித்துமசு நாள். பழவேற்காட்டில் ஏரியைக் காணவந்த உறவினர் கூட்டம் ஒன்று மீன்பிடி படகில் ஏறிச் சென்றது. படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். பெண்டிரும் குழந்தைகளும் அவருள் அடங்குவர். மீட்கப் பாய்ந்தோர் மீனவர்; உடல்களைக் கரைசேர்த்தோரும் மீனவர். ஆயினும் அதன்பின் பழி முழுவதும் படகோட்டியோர் தலையிலேயே விடிந்தது. பயணியரைப் படகேற்றத் தடை விதிக்கப்பட்டது. அத்துயரத்துக்குப்பின் அத்தடை இயல்பே. யாமும் குறை சொல்லோம். ஆனால் தடை என்பது ஒரு முடிவைத் தள்ளிப்போடும் வழியேயன்றி முடிவன்று. தடை இருக்கும்போதே மறைவாகப் படகேறியோர்பற்றி நாளிதழ்கள் பலமுறை எழுதின. மறைவில் நடப்பதற்கு மிதவைச் சட்டையும் இல்லை, ஏற்றும் எண்ணிக்கைக்கு வரம்பும் இல்லை.

கேரளத்தின் தேக்கடியில் 2009 செப்டம்பர் 30இல் அரசுச் சுற்றுலாக் கழகத்தின் படகே கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். தானூரில் 2023 மே 7இல் தனியார் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். ஆகவே அரசுப் படகு காக்கும், மீனவன் படகு கவிழும் என்று கொள்ள இடமில்லை. அளவுக்கு மிஞ்சி ஏற்றுவதும், காப்புச் சட்டை இன்மையும், கேட்பார் இன்மையுமே கவிழ்க்கின்றன. தேக்கடியில் பின்னர் விதிகளை இறுக்கிப் படகோட்டம் தொடர்ந்தது. ஏரியின் நீரோட்டத்தையும் முகத்துவாரத்தின் சூழ்ச்சியையும் பிறப்பிலேயே அறிந்தவனை விலக்கிவிட்டு, நாளை ஒருநாள் ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு ஏலம் விட்டால் அன்றுதான் டாக்சியின் நான்காம் படி இங்கு வரும். பழவேற்காட்டு இளைஞரிடம் யாம் கண்ட ஒரே கடுஞ்சொல் இதுபற்றியதே.

பழவேற்காட்டைச் சொல்லும்போது நம் சமுதாயத்தாரைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. மரைக்காயரும் லெப்பைமாரும் வாழ்ந்த தொன்மையான துறை அது. சின்னப் பள்ளிவாசலில் சூரிய நிழற்கடிகாரம் உண்டு. தொழுகை நேரத்தை நிழல்கொண்டு அறிந்த முன்னோர் அறிவுக்கு அது சான்று. முஸ்லிம் பெண்டிர் பனையோலையில் பெட்டியும் கூடையும் பின்னுவதில் பெயர் பெற்றவர். அவர்களுள் மூத்த பெண்மணி ஒருவரிடம் யாம் உரையாடினோம். "கூடைய வாங்குறாங்க, சந்தோசம் தம்பி. வாசல்ல நின்னு போன்ல படம் புடிக்கிறாங்க. ஒரு வார்த்த கேக்கலாமில்ல?" என்றார். வாங்குவோர் வருவது தேவை. நூறு ரூபாய்ப் பெட்டிக்கு எண்பது கேட்டு, இலவசமாக முகத்தையும் எடுத்துச் செல்வோர் தேவையில்லை. இத்தகைய சிறு முறையீடுகள் ஆய்வாளரின் வினாநிரலில் அகப்படுவதில்லை. "சுற்றுலாவை ஆதரிக்கிறீரா? ஆம் / இல்லை" என்று கேட்டால் அவ்வம்மையார் "ஆம்" என்றே குறியிடுவார்.

விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்தது வள்ளுவம். விருந்தினரைக் கண்ணியப்படுத்துதலை இறைநம்பிக்கையோடு இணைத்துச் சொன்னார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஆனால் விருந்தினனுக்குரிய கடமையும் அதே நபிமொழித் தொகுப்பில் உள்ளது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். விருந்து மூன்று நாள். வீட்டாரை இடருக்குள்ளாக்கும் அளவுக்குத் தங்குதல் விருந்தினனுக்கு ஆகாது. திருக்குர்ஆனின் அல்அஹ்ஸாப் அத்தியாயமும், அழைப்பின்றி நுழையாமை, உண்டபின் எழுந்து செல்லல் ஆகிய ஒழுக்கங்களை விருந்தினர்க்கே கற்பிக்கின்றது. பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் முடிவை எண்ணிப்பாருங்கள் என்று அது பலவிடங்களில் ஏவுகின்றது. அவ்வாறு எண்ணிப்பார்க்கும் பயணி கெல்ட்ரியாக் கோட்டையின் இடிபாட்டில் நின்றால் கற்றுக்கொள்வான். நிழற்படம் மட்டும் எடுப்பவன் குப்பையைப் போட்டுவிட்டுப் போவான்.

குப்பை என்று எழுதும்போது எம் கை சற்றே தயங்குகின்றது. அன்று எம் மாணவர் உண்ட பிரியாணிப் பொட்டலங்களின் நெகிழித் தாள்கள் கரையில் கிடந்தன. யாம் அதட்டியபின் பொறுக்கினர்; ஒன்றிரண்டு காற்றில் ஏரிக்குள் சென்றன. முதியவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இனி, செய்யத்தக்கது யாது? எம் கருத்தைத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளோம். பழவேற்காட்டு மீனவரிடையே பாடு என்றொரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய மூன்றூர்களில் அது நிலைபெற்றது. இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். நல்ல இடம் இன்று ஒருவர்க்கு. அடுத்த முறை வேறொருவர்க்கு. செல்வன் என்பதற்காக எவனும் நல்ல இடத்தை நிலையாகப் பிடித்துக்கொள்ள முடியாது. சுற்றுலாப் படகுகளுக்கும் இதே பாட்டு முறை ஏன் கூடாது? படகோட்டும் உரிமத்தை ஓர் ஒப்பந்தக்காரர்க்கு ஏலம் விடாமல் ஊர்க்கு வழங்கலாம். ஊர் முறைவைத்துப் பகிரலாம். எத்தனை பேர் ஏறலாம், மிதவைச் சட்டை எத்தனை, முகத்துவாரத்துக்கு எவ்வளவு தொலைவுக்குள் செல்லலாகாது என்பவற்றை அரசு வகுத்துக் கண்காணிக்கலாம். விதி மீறிய படகுக்கு அடுத்த பாடு இல்லை என்று ஊரே சொல்லும்போது, அபராதச் சீட்டுக்கு அஞ்சாதவனும் அஞ்சுவான்.

பாட்டு முறையை யாம் குறையற்றதாகக் கொள்ளவில்லை. அது ஒரு சமூகத்து ஆடவர்க்குள் அமைந்தது. நீரில் அமிழ்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்க்கு அதில் பங்கில்லை, பெண்டிர்க்கும் இல்லை. பழைய முறையை அப்படியே சுற்றுலாவுக்குப் பொருத்தினால் பழைய விலக்கும் கூடவே வந்துவிடும். ஆகவே உணவு சமைத்தல், தங்குமிடம், கைவினை, வழிகாட்டல் ஆகியவற்றில் இவர்க்குரிய பங்கைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் பின்னர் என்பது வருவதேயில்லை.

சிலிகாவின் கரையில் மங்களஜோடி என்னும் சிற்றூர் உண்டு. பறவை வேட்டைக்குப் பெயர்போன ஊர் அது. 2000ஆம் ஆண்டளவில் வேட்டையை விட்டொழித்துக் காவற்குழு அமைத்தனர். இன்று அவ்வேட்டைக்காரரின் குடும்பத்தாரே படகோட்டிப் பறவை காட்டி வாழ்கின்றனர். நம் வேடந்தாங்கலும் இதற்கு இளைத்ததன்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை உணர்ந்த உழவர், சட்டம் வருமுன்னரே பறவையைக் காத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேசு அவர்தம் உரிமையை எழுத்தில் ஏற்றார். இரண்டிடத்தும் பறவையால் ஊர்க்குப் பயன் இருந்தது, அப்பயன் ஊரார் கைக்கே வந்தது. ஆரம்பாக்கத்துக் குப்பங்களில் இவ்விரண்டில் ஒன்றும் இன்னும் நடைபெறவில்லை.

மற்றொன்று. எந்தத் திட்டமாயினும் அது கிராமசபையில் தமிழில், விளங்கும் தமிழில், படிக்கப்படவேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகின்றது. எல்லையோரத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் உள. அவர்க்குத் தெலுங்கிலும் சொல்லவேண்டும். நாற்பது பக்க ஆங்கில அறிக்கையை மாவட்டத் தலைநகரில் வைத்துவிட்டு மக்கள் எதிர்க்கவில்லை என்பது நேர்மையன்று. இவ்வறிக்கைகளை எளிய தமிழில் சுருக்கித் தரும் பணியை எம்போன்ற தமிழ்த்துறைகள் ஏற்றால் என்ன? சங்க இலக்கியத்துக்கு உரை எழுதத் தெரிந்த நமக்கு ஓர் அரசாணைக்கு உரை எழுத இயலாதா? மூத்த பேராசிரியர் சிலர் இதனை இலக்கியப் பணியன்று என்று ஒதுக்குவர். எமக்கு அதில் உடன்பாடு இல்லை.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பழவேற்காட்டுப் பள்ளிவாசல்களைக் காணவரும் அயலார்க்கு எவ்விடம் வரை வரலாம், எந்நேரம் வரலாம், பெண்டிர் வாழும் தெருவில் எவ்வாறு நடக்கவேண்டும் என்பதை ஜமாஅத்தே எழுதி வாயிலில் வைத்துவிடலாம். வரவேற்பும் வரம்பும் ஒரே பலகையில் இருக்கட்டும். பனையோலைப் பெட்டியின் விலையையும் அதிலேயே எழுதிவிட்டால் பேரம் பேசும் தொல்லையும் குறையும்.

வரும் ஆனித் திங்களில் மீண்டும் ஆரம்பாக்கம் செல்லத் துறைக்கூட்டத்தில் முடிவு செய்துள்ளோம். அப்போது பூநாரை இராது, வெயில் கடுமையாயிருக்கும். சென்றமுறை வந்த மாணவர்க்கே முதலிடம். உணவை நாம் கொண்டு செல்லப்போவதில்லை. குப்பத்துப் பெண்கள் மூவரிடம் மீன்குழம்பும் சோறும் சமைத்துத் தரச் சொல்லித் தொலைபேசியில் பேசியுள்ளோம். விலையை அவர்களே சொல்லியுள்ளனர், நாம் குறைத்துக் கேட்கவில்லை. தட்டும் குவளையும் மட்டும் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து எடுத்து வருக. பெயர் தர விரும்புவோர் துறை அலுவலகத்தில் தரலாம்.